அரை நிமிடம் அம்மாவுக்கு

1999-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மைசூரு மேட்டகள்ளியில், கௌரம்மா வீட்டு மாடியில் குடியிருந்த சுரேந்தர், தன் மாமியாரை நேராக ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டிலிருந்த ஒரே கணினியின் ஒரு பாதியை அழித்தான். மாமியார் சொர்ணலதாவோ, அழிக்க வேண்டாம் என்று நேராக ஒரு வார்த்தை சொல்லாமல் கதவோரம் நின்றாள். இருவரும் நல்லவர்கள்; இருவருக்கும் நன்றாகப் பேச வரும். ஒருவரோடொருவர் பேசினால் மரியாதை கெட்டுவிடும் என்று என்றைக்கோ யாரோ கட்டிவைத்த வழக்கம் அவர்கள் வாயைப் பூட்டியிருந்தது. குறை இதுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சொர்ணலதா, கர்நாடகத்திலேயே தமிழர் வாழும் சிற்றூரான மார்டள்ளிக்காரி. கணவர் காலமான பிறகு, ஒரே மகள் தாரணியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அவள் வளர்ந்த குடும்பத்தில், மருமகன் எதிரே மாமியார் உட்கார்ந்ததில்லை. அவன் பெயரைச் சொன்னதில்லை. முகம் பார்த்துப் பேசியதுமில்லை. தாரணி வீட்டிலிருந்த வரையில் இதனால் இடைஞ்சல் ஒன்றும் நேரவில்லை. மூவரும் ஒரே கூடத்தில்தான் இருப்பார்கள்.

"தாரணி, மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வெக்கட்டுமான்னு கேளு."

"போதும்னு சொல்லு தாரணி. இன்னும் ஒண்ணு போட்டா டியூட்டிக்கு உருண்டுதான் போகணும்."

"கேட்டுச்சாம்மா? என்னங்க, உங்களுக்குக் கேட்டுச்சா? ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்குது? நடுவுல எனக்கு எதுக்கு இந்தச் சம்பளமில்லாத உத்தியோகம்?"

சுரேந்தர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். சொர்ணலதா அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பாள். சிரிப்பைக்கூட அவர்கள் நேராகப் பகிர்ந்துகொண்டதில்லை.

ஹெப்பாளில் சுரேந்தர் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்புத் தொடங்கியது. இன்றோ நாளையோ தன் முறையும் வரும் என்று அவன் கலங்கியிருந்த நேரத்தில், செவிலியரான தாரணிக்கு மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவள் போனாள். வீட்டில் பேசத் தெரிந்தவர்கள் இருவரும், பேசவைக்கத் தெரிந்தவள் இல்லாமல், மிஞ்சினார்கள்.

அதன்பின் அந்த வீட்டில் ஒரு சத்த மொழி உருவாயிற்று. மேடைமேல் டம்ளர் சற்று அழுத்தி வைக்கப்பட்டால் காப்பி தயார். சாவிக்கொத்து குலுங்கினால் அவன் வேலைக்குக் கிளம்புகிறான். அவள் தொண்டையைச் செருமினால் கூடத்துக்கு வருகிறாள். அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட வேண்டும். சத்தத்தில் அடங்காத செய்திகளைக் கீழ்வீட்டுக் கௌரம்மா சுமந்தாள். கன்னடக்காரியான அவள், குடித்தனக்காரர்களோடு பழகித் தனக்கென ஒரு தமிழை வைத்திருந்தாள்.

"ஏன்ரீ அக்கா, நானென்ன அஞ்சல் டப்பாவா? இவரு போட்டா நீங்க எடுக்கறீங்க, நீங்க போட்டா இவரு எடுக்கறாரு! ரெண்டு பேருக்கும் நடுவுல நாலு அடி இல்லே. நான் கீழேயிருந்து படி ஏறி வரணும்!"

"அப்படியெல்லாம் நேருல பேசறதில்லீங் கௌரம்மா. மரியாதை இருக்குதுல்ல."

"மரியாதை இருக்கட்டும். என் முழங்கால் இருக்க வேண்டாமா?"

தினமும் காலையில் சொர்ணலதா எழும்போது, கீழே தெருக்குழாயில் பிடிக்க வேண்டிய குடிதண்ணீர் மேலே வந்து, குடங்கள் நிரம்பி நிற்கும். ஒருநாள் அடுக்களை அலமாரியில் முழங்கால் தைலம் ஒரு புட்டி இருந்தது. கௌரம்மா வாயாடினாலும் மனசு தங்கம் என்று சொர்ணலதா எண்ணிக்கொண்டாள். அதற்கு நன்றியாக வாரம் ஒருமுறை அவளுக்கு முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள். கௌரம்மாவும் எதற்கென்று கேட்காமல் வாங்கித் தின்றாள்.

வெளிநாட்டுத் தொலைபேசி எப்போதாவதுதான். அதிலும் பாதி நேரம் தன் குரலே தனக்குத் திரும்பி வரும். ஆகவே, போவதற்கு முன்பே தாரணி வேறோர் ஏற்பாடு செய்திருந்தாள். கணினியில் ஒலிவாங்கியை மாட்டிப் பேசினால் ஒரு நிமிடம் பதியும். அந்த ஒரு நிமிடம், கணினியில் செருகி எடுக்கும் சதுரத் தகடான ஒரு பிளாப்பியில் சரியாக அடங்கும். அவள் மஸ்கட்டிலிருந்து ஒரு நிமிடம் பேசி அனுப்புவாள். இவர்கள் கேட்டுவிட்டு, அதே பிளாப்பியில் தங்கள் நிமிடத்தைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். நிமிடம் ஒன்று, கேட்பவர் இருவர். ஆகவே முதல் அரை நிமிடம் அம்மாவுக்கு, பின் அரை நிமிடம் கணவனுக்கு. "சரிம்மா" என்று தாரணி சொன்னால் அம்மாவின் பாதி முடிந்தது என்று பொருள்.

ஞாயிறு மாலையில் கேட்பது வழக்கம். முதலில் சொர்ணலதா நாற்காலியில் உட்கார்ந்து தன் பாதியைக் கேட்பாள். சுரேந்தர் பால்கனியில் நிற்பான். "சரிம்மா" என்றதும் அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு, தொண்டையைச் செருமிவிட்டு, அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். மகளும் மருமகனும் பேசிக்கொள்வது தன் காதில் விழலாகாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

ஆனால் அவளிடம் ஓர் இரகசியம் இருந்தது. திருப்பி அனுப்பும் பிளாப்பியில் மகளின் பழைய குரல் அழிந்துபோகிறதே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. பிளாப்பியிலிருப்பதைக் கணினிக்குள் இழுத்துப் போடும் வித்தையைத் தாரணிதான் ஒருமுறை காட்டிக் கொடுத்திருந்தாள். விண்டோஸ் இருக்கும் 'சி' என்ற பகுதியை அவள் தொடமாட்டாள். காலியாகக் கிடந்த 'டி' என்ற பகுதியில் ஒரு கோப்புறை வைத்து, வந்த குரல்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அங்கே சேர்த்துவைத்தாள். மருமகன் வேலைக்குப் போன பகல்களில், அரிசி களைந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஏதேனும் ஒரு மாதத்துத் தாரணியைக் கேட்பாள். சுட்டியின்மேல் விரல் தயாராக இருக்கும். "சரிம்மா" என்றதும் நிறுத்திவிடுவாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இதை அவள் சுரேந்தரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு வழியில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் கூச்சம். சேர்த்துவைத்த ஒவ்வொரு நிமிடத்திலும் அவனுடைய பாதியும் இருந்ததல்லவா? மாமியார் அதைத் தனியே உட்கார்ந்து கேட்கிறாள் என்று அவன் நினைத்துவிட்டால், பிறகு அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

சுரேந்தருக்கு வேறொரு கவலை இருந்தது. ஹெப்பாளிலேயே ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் ஆள் எடுத்தது. புதன்கிழமை தேர்வு. விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் லினக்ஸ் தெரிந்தவர்களே வேண்டும் என்றார்கள். அந்த வேலை கிடைத்தால் ஒப்பந்தம் முடிந்ததும் தாரணி திரும்பி வந்துவிடலாம்; கிடைக்காவிட்டால் அவள் இன்னும் சில ஆண்டுகள் அங்கேயே இருக்க வேண்டும். ஒரு கணினி இதழோடு வந்த லினக்ஸ் குறுந்தகடு அவனிடம் இருந்தது. விண்டோஸை எடுத்துவிட முடியாது. தாரணியின் குரல் அதில்தான் பேசும். ஆகவே ஒரே கணினியில் இரண்டையும் வைப்பது என்று முடிவு செய்தான். இயக்கியதும் எது வேண்டும் என்று கணினி கேட்கும், சொன்னதை எழுப்பும். விண்டோஸ் 'சி'-யிலேயே இருக்கட்டும். லினக்ஸுக்கு 'டி'-யைக் கொடுத்துவிடலாம்.

'டி'-யைத் திறந்து பார்த்தான். அங்கே ஒரு கோப்புறை இருந்தது. தன்னுடையது அன்று, தாரணியுடையதும் அன்று. அப்படியானால் அத்தையுடையது. அத்தையின் பெட்டியைத் திறந்து பார்ப்பது போலாகுமே என்று அதை அவன் சொடுக்கவில்லை. அந்தப் பண்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பாராட்டிவிட்டு, அடுத்து அவன் செய்ததைப் பாருங்கள். அடுக்களை பத்தடி தொலைவில் இருந்தது. அவன் படியிறங்கிக் கீழே போனான்.

"கௌரம்மா, அத்தைகிட்ட ஸ்வல்ப கேட்டுச் சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல, டி-யில, அவங்க ஏதாச்சும் வெச்சிருக்காங்களா?"

கௌரம்மா மாடியேறி, அடுக்களை வாசலில் மூச்சு வாங்க நின்றாள்.

"அக்கா, உங்க மாப்பிள்ளை கேக்கறாரு. டி-யில நீங்க ஏதோ வெச்சிருக்கீங்களாமே?"

சொர்ணலதாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. தெரிந்துவிட்டது. திறந்து பார்த்திருக்கிறார். கேட்டுமிருப்பாரோ?

"எதுக்காமா கேக்கறாரு?"

"எதுக்குன்னு எனக்கென்ன தெரியும்? டி-ன்னாரு. டீத்தூள் டப்பாவோ என்னமோ!"

"நானென்னத்த வெக்கறேன்? ஒண்ணுமில்லேன்னு சொல்லுங்."

"ஒண்ணுமில்லையாம்!" என்று கௌரம்மா படியிலிருந்தே கூவினாள்.

ஒன்றுமில்லை என்ற சொல்லை அவன் எழுத்துக்கு எழுத்து நம்பினான். எதற்காகக் கேட்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. எதனால் மறுக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டையும் சுமந்து வந்தவளுக்கு இரண்டுமே தெரியாது.

அது சனிக்கிழமை. அன்று பிற்பகல் அஞ்சலில் தாரணியின் புதிய பிளாப்பியும் வந்தது. மேல்சீட்டில் அவள் கையெழுத்து: 'அம்மாவுக்கும் அவருக்கும்'. வழக்கப்படி ஞாயிறு மாலை கேட்கலாம் என்று அதைக் கணினிமேல் வைத்தார்கள்.

ஞாயிறு காலை, பலகாரம் முடிந்ததும் சுரேந்தர் குறுந்தகட்டைப் போட்டு வேலையைத் தொடங்கினான். திரை நீலமாக மாறியது. வாடகை வாங்க வந்த கௌரம்மா எட்டிப் பார்த்து, என்ன செய்கிறாய் என்று கன்னடத்தில் விசாரித்தாள். அவனும் கன்னடத்தில், சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினான்: டி-யில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, அங்கே லினக்ஸ் என்ற வேறொன்றைக் குடிவைக்கப் போகிறேன்.

அடுக்களையில் பருப்புக் கடைந்துகொண்டிருந்த சொர்ணலதாவுக்கு அந்தக் கன்னடம் முழுமையாக விளங்கியது. துடைத்துவிட்டு.

அவள் கூடத்து வாசலுக்கு வந்தாள். கௌரம்மா இதற்குள் வாடகையைத் தலைப்பில் முடிந்துகொண்டு இறங்கிப் போயிருந்தாள். சுரேந்தர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். திரையில் பட்டியல் போல ஏதோ தெரிந்தது; அவன் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தான். அவள் செருமினாள். அவன் எழுந்து வழிவிடப் பார்த்தான். வேலை நடுவிலிருந்ததால், நாற்காலியைச் சற்று ஒதுக்கிப் போட்டுக்கொண்டு மீண்டும் திரையைப் பார்த்தான்.

நிறுத்துங்கள். ஒரே ஒரு சொல். அது அவள் நாக்கின் நுனியில்தான் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயைப் புடைவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கீழே ஓடினாள்.

கௌரம்மா மொட்டை வெயிலில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"கௌரம்மா, வாங். நிறுத்தச் சொல்லுங் அவரை. சீக்கிரம்."

"எதை நிறுத்தணும்?"

"அந்தக் கம்ப்யூட்டரைத்தானுங். வாங்களே!"

"அய்யோ சிவனே! வாயால ஒரு மாத்து சொன்னா என்ன, பல்லு விழுந்துடுமா?" என்று புலம்பிக்கொண்டே கௌரம்மா கையைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். சொர்ணலதாவின் முழங்கால் ஒவ்வொரு படியிலும் குத்தியது.

மேலே வந்தபோது, திரையில் ஒரு பட்டை இடமிருந்து வலமாக நிறைந்துகொண்டிருந்தது.

"நிறுத்தணுமாம்," என்றாள் கௌரம்மா.

சுரேந்தர் திகைத்துத் திரும்பினான். "இனி நிறுத்தக் கூடாது கௌரம்மா. டி-யை ஃபார்மாட் பண்ணியாச்சு. இப்ப லினக்ஸ் ஏறிட்டிருக்கு. ஏன், என்ன விஷயம்?"

கௌரம்மா சொர்ணலதாவைப் பார்த்தாள். சொர்ணலதா பட்டையைப் பார்த்தாள். அது அழகாக, அவசரமில்லாமல் நிறைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லேன்னு சொல்லுங்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பருப்பு அடிப்பிடித்திருந்தது. அந்தப் பாத்திரத்தை வெகுநேரம் தேய்த்தாள். சித்திரையில் தாரணி தும்மிக்கொண்டே பேசிய நிமிடம். பக்கத்து அறைக்காரி பாடுவது பின்னால் கேட்ட நிமிடம். அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு அழுத முதல் நிமிடம். ஒன்றும் இனி இல்லை.

லினக்ஸ் ஏறி முடியும் தறுவாயில், அவசரத்துக்குத் தொடக்கப் பிளாப்பி ஒன்று செய்துகொள்ளட்டுமா, வெற்றுப் பிளாப்பி போடு என்று கணினி கேட்டது. கண்ணில் பட்ட ஒரே பிளாப்பி, இன்னும் கேட்காத தாரணி. சுரேந்தர் அதை எடுத்தான், மேல்சீட்டைப் பார்த்தான், எடுத்த இடத்திலேயே வைத்தான். கணினிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

எல்லாம் முடிந்து கணினி மறுபடி எழுந்தது. எது வேண்டும் என்று கேட்க வேண்டிய இடத்தில், கறுப்புத் திரையின் மூலையில், எல், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் தோன்றி நின்றன. பிறகு அசைவில்லை. அணைத்துப் போட்டான். மறுபடியும் அதே இரண்டு எழுத்துகள். விண்டோஸும் வரவில்லை, லினக்ஸும் வரவில்லை. வட்டின் கடைக்கோடியில் கொண்டுபோய் வைத்துவிட்ட லினக்ஸை எட்டிப் பிடிக்கத் தெரியாமல், கணினி வாசலிலேயே நின்றுவிட்டது. தவறு அவனுடையதுதான், ஆனால் என்ன தவறென்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு டம்ளர் சத்தம் கேட்டது, அவன் வரவில்லை. மறுபடி கேட்டது, வரவில்லை. சொர்ணலதா எட்டிப் பார்த்தாள். அவன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு எழுத்துகளின் எதிரே உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது. புதன்கிழமைத் தேர்வும் போயிற்று, கணினியும் போயிற்று, தாரணியின் குரலைக் கேட்க இருந்த ஒரே வழியும் போயிற்று என்று அவன் நினைத்தான்.

செருமுவதா, டம்ளரை வைப்பதா, கௌரம்மாவைக் கூப்பிடுவதா? ஒரு மனிதன் அழும்போது எழுப்ப வேண்டிய சத்தம் எது என்று அவர்களுடைய சத்த மொழியில் இல்லை. அவள் கூடத்துக்குள் வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில், அவன் முகம் தெரியும் இடத்தில் நின்றாள்.

"என்னாச்சுங் மாப்பிள்ளை?"

அவன் பதறி எழுந்தான். அவள் உட்காரச் சொல்லிக் கையமர்த்தினாள்.

"தப்பு பண்ணிட்டேன் அத்தை. எதுவுமே வரலை. தாரணி அனுப்பினதை இனிமே எதுல போட்டுக் கேக்கறது?" என்றான். பிறகுதான், தான் யாரோடு பேசுகிறோம் என்று உறைத்தவன்போல நிறுத்தினான்.

சொர்ணலதாவுக்கு இப்போது நிறுத்த முடியவில்லை.

"டி-யில தாரணி இருந்தாளுங்," என்றாள்.

"என்ன அத்தை?"

"வந்த பிளாப்பியெல்லாம் எடுத்து அங்கதானுங் வெச்சிருந்தேன். மொதல்ல வந்ததுலயிருந்து எல்லாம்."

"நேத்து கேட்டேனே அத்தை! ஒண்ணுமில்லேன்னு…"

"நான்தானுங் சொன்னேன். உங்ககிட்டப் பேசின பாதியும் அதுல இருந்துச்சு. ஒட்டுக் கேக்கற கிழவின்னு நெனச்சுக்குவீங்களோன்னு…"

"கேட்டீங்களா?"

"இல்லீங்! சாமி சத்தியமா இல்லீங். 'சரிம்மா'ன்னவுடனே நிறுத்திப்போடுவேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தை அவன் முழுதாகப் பார்த்தது அப்போதுதான்.

"கேட்டிருக்கலாம் அத்தை," என்றான். "கேட்டிருந்தா உங்களுக்காச்சும் ஞாபகம் இருந்திருக்கும். நான் ஒரே ஒரு தடவை கேட்டுட்டு அனுப்பிடுவேன். அவ பேசினதுல பாதி எனக்கு இப்ப நினைவில்லை."

சொர்ணலதா உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு எடுத்து வந்தாள்.

"சாப்பிடுங் மொதல்ல. பருப்பு தீஞ்சுபோச்சு, ரசந்தான். அப்புறம் யோசிக்கலாம். இதை வித்தவங்க ஒண்ணும் குடுக்கலீங்களா, கெட்டுப்போனா எடுத்துக்கச் சொல்லி? மிக்ஸி வாங்கினாக்கூட ஒரு புஸ்தகம் குடுப்பாங்களே."

அவன் ரசஞ்சோற்றுக் கையோடு எழுந்தான். கணினியோடு கொடுத்த அட்டைப் பெட்டி பரண்மேல் இருந்தது. அதன் அடியில், உறை பிரிக்காத விண்டோஸ் தொடக்கப் பிளாப்பி ஒன்றும் ஒரு கையேடும் கிடந்தன. கையேட்டின் கடைசிப் பக்கங்களில், வட்டின் தொடக்கப் பகுதியைப் பழையபடி ஆக்கும் கட்டளை ஒரே வரியில் இருந்தது. அந்தப் பிளாப்பியால் கணினியை எழுப்பி, அவன் அதைத் தட்டினான். அவள் பக்கத்திலேயே நின்று, ஒவ்வோர் எழுத்தையும் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கணினியை அணைத்துப் போட்டான்.

விண்டோஸ் வந்தது. 'சி' அப்படியே இருந்தது. 'டி' இல்லை.

வெயில் தாழ்ந்து பால்கனியில் மஞ்சளாக விழுந்த நேரத்தில், தாரணியின் பிளாப்பியைப் போட்டார்கள். இந்த முறை சொர்ணலதா கேட்பதற்கு முன்பே அவன் அதைச் 'சி'-யில் ஒரு படி எடுத்து வைத்தான். பிறகு வழக்கப்படி பால்கனிக்கு நடந்தான்.

"அம்மா, நல்லாருக்கியா? இங்க குழாயைத் தொறந்தா சுடுதண்ணி, அடுப்பே வேண்டாம். போன தடவை நீ பேசறப்ப பின்னால குக்கர் விசில் கேட்டுச்சு. அந்த விசிலையே திருப்பித் திருப்பிக் கேட்டேன், ரூம்ல எல்லாரும் சிரிக்கறாங்க. அவருக்கு ரசத்துல பூண்டு அதிகம் போடாதே. வாயைத் தொறந்து சொல்ல மாட்டாரு, தட்டு ஓரமா ஒதுக்குவாரு. சரிம்மா."

சொர்ணலதா நிறுத்தினாள். செருமிவிட்டு எழுந்தாள்.

"அத்தை," என்றான் அவன், பால்கனியிலிருந்து. "உக்காருங்க."

"அய்யோ, உங்களுக்குப் பேசினதுங்."

"இருக்கட்டும். நான் மறந்துட்டா ஞாபகப்படுத்த ஆள் வேணும்."

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். மருமகன் எதிரே அவள் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. அவன் பொத்தானை அழுத்தினான்.

"என்னங்க, படிக்கறீங்களா? அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்குது? கேட்டா ஒண்ணுமில்லேன்னுதான் சொல்லுவாங்க, நம்பாதீங்க. தண்ணி நீங்கதானே தூக்கறீங்க? அவங்களை எறங்க விடாதீங்க. அந்தத் தைலம் தீந்திருக்கும், இன்னொண்ணு வாங்கி அலமாரியில வெச்சிடுங்க, போன தடவை மாதிரியே. நீங்க வெச்சதுன்னு தெரிஞ்சா தேய்க்க மாட்டாங்க. அப்புறம், எனக்கு இங்க ராத்திரியில நெனப்பெல்லாம் என்னன்னா, நான் இல்லாத வீட்டுல நீங்க ரெண்டு பேரும்…"

நிமிடம் முடிந்துவிட்டது.

சொர்ணலதா அலமாரிப் பக்கம் பார்த்தாள். பிறகு தண்ணீர்க் குடங்களைப் பார்த்தாள். கௌரம்மாவுக்குச் சுட்டுக் கொடுத்த முறுக்குகள் எல்லாம் அவள் கண்முன் வந்தன. எத்தனையோ மாதங்களாக, தன் காதில் விழலாகாதென்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு காத்த இரண்டாம் பாதிகளில் மகள் யாரைப் பற்றிப் பேசியிருந்தாள் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அவை அழிந்துபோனதும் இப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. அவள் அழுதாள். மருமகன் எதிரிலேயே, தலைப்பால் முகத்தை மூடாமல் அழுதாள்.

"பூண்டு வேண்டாம்னு நீங்களாச்சும் சொல்லக் கூடாதுங்களா?" என்றாள் கடைசியில்.

"தைலம் நல்லாருக்குன்னு நீங்க சொன்னீங்களா?" என்றான் அவன்.

வட்டிலிருந்த லினக்ஸை எழுப்பும் நிரலை ஒரு பிளாப்பியில் எழுத வேண்டும் என்று அவன் சொன்னதும், தாரணியின் பிளாப்பியை அவளே வெளியே எடுத்து அவனிடம் நீட்டினாள். "என்னமோ எழுதணும்னீங்களே, இதுல எழுதிக்குங். அவ குரலைத்தான் உள்ள வெச்சாச்சே." குறுந்தகட்டிலிருந்த தொடக்க நிரலை அவன் அதில் எழுதினான். அன்றுமுதல் அந்த வீட்டில் கணினி இரண்டு விதமாக எழுந்தது. 'அம்மாவுக்கும் அவருக்கும்' என்று எழுதிய பிளாப்பி உள்ளே இருந்தால் லினக்ஸ் வரும். வெளியே எடுத்துவிட்டால் விண்டோஸ் வரும். படித்து முடித்ததும் அதை எடுத்து வைக்கும் பொறுப்பைச் சொர்ணலதா ஏற்றுக்கொண்டாள்.

பதில் பேச வேண்டியிருந்தது. பாதி பாதியாக வேண்டாம், சேர்ந்தே பேசலாம் என்று இருவரும் ஒலிவாங்கியின் எதிரே உட்கார்ந்தார்கள்.

"நீங்க பேசுங்."

"நீங்க முதல்ல பேசுங்க அத்தை."

"பெத்தவ எப்ப வேணா பேசலாமுங். நீங்க பேசுங்."

"பேசுங்க அத்தை, ஓடிட்டிருக்கு."

"எது ஓடுது? அய்யோ, இதெல்லாமா பதியுது? நிறுத்துங்!"

அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். கீழேயிருந்து, "ஏன்ரீ, மேல யாரு சண்டை?" என்று கௌரம்மா கூவினாள். நிமிடம் முடிந்துவிட்டது. மறுநாள் புதுப் பிளாப்பி வாங்கி, அந்த நிமிடத்தை ஒன்றும் திருத்தாமல் அப்படியே மஸ்கட்டுக்கு அனுப்பினார்கள்.

புதன்கிழமை மாலை சுரேந்தர் தேர்வெழுதிவிட்டு வந்தான். சாவியைக்கூடக் குலுக்காமல் பால்கனிக்குப் போனான்.

"எப்படீங் எழுதினீங்?" என்று சொர்ணலதா கேட்டாள்.

"ஒண்ணுமில்லை அத்தை."

அவள் உள்ளே போகவில்லை. கதவோரமும் நிற்கவில்லை. பால்கனிக்கே போய், அவன் பக்கத்தில் நின்று, இரண்டாம் முறை கேட்டாள். அப்போது அவன் சொன்னான்: பாதிக்குமேல் எழுதிவிட்டதையும், ஒரு கேள்வியை எழுதாமல் விட்டதையும், அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருப்பதையும், தாரணி திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று தனக்கு இருக்கும் பயத்தையும். அவள் முழுதும் கேட்டாள். தனக்கும் அதே பயம் இருப்பதைச் சொன்னாள்.

இதைப் படித்தவரே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். மாமனாரோ, மருமகளோ, நாத்தனாரோ, அண்ணனோ, யாராயினும் சரி. மரியாதை என்றும் கூச்சம் என்றும் பெயரிட்டு, நடுவில் ஆள் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தாளை மடித்து வையுங்கள். எழுந்து போங்கள். கீழ்வீட்டுக்கு அன்று, பத்தடி தொலைவிலிருக்கும் அடுத்த அறைக்கு. நீங்களே கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால் நம்பாதீர்கள். அங்கேயே நின்று, இரண்டாம் முறையும் கேளுங்கள்.